குரூப் 4 எழுதப் போகிறீர்களா? புத்தகத்துக்கு முன்பு சான்றிதழ்களைத் தேடுங்கள்

முதல் முறை குரூப் 4 எழுதியபோது எனக்குத் தேர்வு அறையில் ஒரு குறையும் நேரவில்லை. மதிப்பெண் வந்தது, தரவரிசை வந்தது, சான்றிதழ்களைப் பதிவேற்றச் சொல்லி அழைப்பும் வந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன் என்று காட்டும் ஒரு தாள் மட்டும் கையில் இல்லை. நான் படித்த தொடக்கப்பள்ளியை மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொள்வதற்குள் கெடு முடிந்துவிட்டது. தமிழ் வழி ஒதுக்கீடு போயிற்று. அது போன பிறகு என் மதிப்பெண்ணுக்கு இடமில்லை.

இரண்டாம் முறை எழுதித்தான் உள்ளே வந்தேன். இப்போது ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். எப்படிப் படிப்பது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். தாள், பணம், தேதி இந்த மூன்றையும் உட்கார்ந்து சொல்பவர்கள் குறைவு. அதனால் இதை எழுதுகிறேன். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வைத்தான் சொல்கிறேன். குரூப் 2, குரூப் 1 எழுதுபவர்களுக்கும் சான்றிதழ் பகுதி பெரும்பாலும் பொருந்தும்.

1. எந்த நாற்காலி வேண்டும் என்று முதலில் யோசியுங்கள்

குரூப் 4 ஒரே தேர்வு, ஆனால் அதன் வழியாகப் போகும் வேலைகள் பல. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர், வரித் தண்டலர் என்று நீளும். 2024 முதல் வனக்காப்பாளர் போன்ற வனத்துறைப் பணியிடங்களும் இதிலேயே சேர்ந்துவிட்டன. கிராம நிர்வாக அலுவலருக்கும் இளநிலை உதவியாளருக்கும் ஊதிய விகிதம் ஒன்றுதான், 19,500 முதல் 71,900 வரை. ஆனால் வாழ்க்கை வேறு. விஏஓ என்றால் அந்தக் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும். வெள்ளம் வந்தாலும் தகராறு வந்தாலும் முதல் போன் உங்களுக்குத்தான் வரும். இளநிலை உதவியாளர் என்றால் கோப்பு, பதிவேடு, கணினி. வனப் பணியிடங்களுக்கு உடல் தகுதியும் நடைத் தேர்வும் தனியாக உண்டு.

"கவர்ன்மென்ட் வேலை, அவ்வளவுதான்" என்று வீட்டில் சொல்வார்கள். மாதச் சம்பளம் தவறாது, நாளைக்குப் போ என்று யாரும் சொல்ல முடியாது என்பதற்காக வருவதில் தவறே இல்லை. எங்கள் வீட்டிலும் அதுதான் முதல் காரணம். ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்தவர்கள், ஒரு தோல்வி வந்ததும் விட்டுவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. என் பாட்டியின் முதியோர் உதவித்தொகை மனு மூன்று முறை திரும்பி வந்தது. மூன்று முறையும் ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நான்காவது முறை மேசையில் இருந்த ஒருவர், என்ன தாள் குறைகிறது, அதை எந்த அறையில் வாங்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த இரண்டு நிமிடத்தைச் செய்யும் இடத்தில் நான் உட்கார வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

உங்களுக்கு இன்னும் முடிவாகவில்லை என்றால் ஒரு வேலை செய்யுங்கள். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். ஒரு திங்கட்கிழமை காலை போய் வரிசை ஓரமாக நின்று பாருங்கள். மனு எழுதிக் கொடுப்பவர்கள், குழந்தையோடு நிற்பவர்கள், மனுவை வாங்கிப் பதிவு செய்பவர்கள் எல்லோரையும் பார்க்கலாம். இந்த வேலை வேண்டுமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். செலவு பஸ் டிக்கெட்தான்.

2. வயது, கல்வித்தகுதி

பெரும்பாலான பணிகளுக்குப் பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும். குறைந்தபட்ச வயதும் பெரும்பாலான பணிகளுக்கு 18, விஏஓவுக்கு 21. வயதை அந்த ஆண்டின் ஜூலை 1 அன்று கணக்கிடுவார்கள். மேல் வரம்பு பணிக்கும் சமூகப் பிரிவுக்கும் தகுந்தபடி மாறும். அதை நண்பர் சொல்லி நம்ப வேண்டாம், அறிவிக்கையில் உள்ள அட்டவணையில் நீங்களே பாருங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தகுதி எல்லாம் அறிவிக்கை வெளியான தேதியன்று உங்களிடம் இருக்க வேண்டும். தட்டச்சர் பணிக்குத்தான் இது அதிகம் அடிக்கும். "ஹயர் (தட்டச்சு மேல்நிலைத் தேர்வு) எழுதியிருக்கிறேன், ரிசல்ட் வரும்" என்று சொல்லி விண்ணப்பித்தால் நிற்காது. ஆனால் தட்டச்சு தெரிந்தவர்களுக்கு இன்னொரு கதவு திறக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹயர் முடித்தவர்களுக்குத்தான் தட்டச்சர் பணியில் முதல் உரிமை. போட்டியிடுபவர்களும் குறைவு. இன்னும் ஒரு வருடம் கையில் இருக்கிறது என்றால் ஊரில் உள்ள இன்ஸ்டிடியூட்டில் இன்றைக்கே சேருங்கள்.

3. சான்றிதழ்கள்: அறிவிக்கை வரும்வரை காத்திருக்காதீர்கள்

சமூகச் சான்றிதழ் (நாம் எல்லோரும் சாதிச் சான்றிதழ் என்று சொல்வது). தந்தையின் பெயரில் இருக்க வேண்டும். திருமணமான பெண்கள் இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். கணவர் பெயரில் வாங்கிய சான்றிதழை ஏற்க மாட்டார்கள். என் அக்காவிடம் இருந்தது கணவர் பெயரில் வாங்கியதுதான். நல்லவேளையாக விண்ணப்பிக்கும் முன்பே கவனித்தோம். பள்ளியில் படித்த காலத்து அட்டை இருந்தால் அதில் உங்கள் பெயர், தந்தை பெயர், சாதியின் பெயர் மூன்றும் எழுத்துப் பிசகாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பியுங்கள். கட்டணம் 60 ரூபாய். விஏஓ, வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அல்லது துணை வட்டாட்சியர் என்று அது நகரும். இடையில் நேரில் வரச் சொல்லலாம். ஜூன் மாதம் பள்ளி, கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கும், அப்போது போகாதீர்கள்.

தமிழ் வழியில் பயின்ற சான்றிதழ், அதாவது பிஎஸ்டிஎம். என்னைக் கவிழ்த்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அந்தப் பணிக்குரிய கல்வித்தகுதி வரைக்கும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 4-இல் பத்தாம் வகுப்பு தகுதியான பணிகளுக்கு ஒன்றிலிருந்து பத்து வரை காட்ட வேண்டும். குரூப் 2 என்றால் பட்டம் வரைக்கும்.

எத்தனை பள்ளிகளில் படித்தீர்களோ அத்தனை பள்ளிகளிலும் வாங்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை ஓர் ஊர், எட்டு வரை வேறோர் ஊர், பத்து வரை இன்னோர் ஊர் என்றால் மூன்று தலைமை ஆசிரியர்களிடம் மூன்று கையெழுத்து. ஆணையம் தன் இணையதளத்தில் கொடுத்துள்ள படிவத்தில்தான் இருக்க வேண்டும். பள்ளியின் லெட்டர்பேடில் "இம்மாணவர் தமிழ் வழியில் பயின்றார்" என்று எழுதி வாங்கினால் போதாது. எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை, எந்தக் கல்வியாண்டுகள் என்பது நிரம்பியிருக்க வேண்டும். கையெழுத்து, முத்திரை, தேதி மூன்றும் வேண்டும். ஒரு வருடம் விடுபட்டிருந்தாலும் கேள்வி வரும். பத்து வருடத்தையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்த பிறகே பள்ளி வாசலை விட்டு வெளியே வாருங்கள். இப்போது இ-சேவை வழியாகவும் விண்ணப்பிக்கிறார்கள். அப்படிச் செய்தாலும் பள்ளிக்கு ஒருமுறை நேரில் போய்ப் பேசிவிடுவது நல்லது. கோடை விடுமுறையில் தலைமை ஆசிரியரைப் பிடிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பள்ளியை மூடிவிட்டார்களா? பதிவேடுகள் காற்றில் கரைந்துவிடாது. தொடக்கப்பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். எனக்கு அங்கேதான் கிடைத்தது. பழைய சேர்க்கைப் பதிவேடு பக்கத்து ஊர்ப் பள்ளியின் பீரோவில் இருப்பதாகக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். மூன்று வாரம் ஆயிற்று. முதல் முறையே இதைத் தெரிந்து போயிருந்தால் ஒரு தேர்வு மிச்சமாகியிருக்கும். போகும்போது மாற்றுச் சான்றிதழ் நகல், சேர்ந்த ஆண்டு, விட்ட ஆண்டு, தந்தை பெயர் இவற்றை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வருடம் தெரியாமல் போனால் பதிவேட்டை யாரும் புரட்ட மாட்டார்கள்.

பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், சமூகச் சான்றிதழ் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் ஒரு தீராத தொல்லை. ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால், ஒன்றில் தந்தை பெயர் முழுதாக. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே மற்றவற்றைத் திருத்திக்கொள்வதுதான் எளிது. ஆதார் திருத்தம் சில நாளில் முடியும். பெயரையே மாற்றியிருந்தால் அரசிதழ் நகல் வேண்டும், அதற்கு மாதக்கணக்கை ஒதுக்குங்கள்.

நன்னடத்தைச் சான்றிதழ். கடைசியாகப் படித்த நிறுவனத்தில் வாங்கியது ஒன்று, குரூப் ஏ அல்லது பி நிலை அரசு அலுவலரிடம் வாங்கியது ஒன்று. அலுவலரிடம் வாங்குவது மட்டும் அறிவிக்கை தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். முன்கூட்டியே ஓடிப்போய் வாங்கி வைத்தால் அது வீண்.

விதவை என்ற சான்று வேறு, ஆதரவற்ற விதவை என்ற சான்று வேறு. சலுகை இரண்டாவதற்குத்தான். அதைக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரிடம், அறிவிக்கையில் சொன்ன படிவத்தில் வாங்க வேண்டும்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் பட்டதாரிச் சான்றிதழ் இதற்குத் தேவையில்லை. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீதச் சான்றும் தமிழ்நாடு அரசுப் பணிகளில் பயன்படாது. இவற்றுக்காக இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

4. ஓடிஆர்

ஆணையத்தின் இணையதளத்தில் செய்யும் ஒருமுறைப் பதிவு, எல்லோரும் சொல்வது ஓடிஆர். கட்டணம் 150 ரூபாய், ஐந்து ஆண்டு செல்லும். ஆதாரை இணைக்க வேண்டும். இதைச் செய்து முடித்தாலே தேர்வுக்கு விண்ணப்பித்ததாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். என்னோடு படித்த ஒரு பெண் ஹால் டிக்கெட் தேடியபோதுதான் விண்ணப்பமே போடவில்லை என்று தெரிந்தது. ஓடிஆர் வீட்டு வாசல் மாதிரி. ஒவ்வொரு தேர்வுக்கும் உள்ளே போய்த் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். கம்ப்யூட்டர் சென்டர் அண்ணன் தன் மின்னஞ்சலைப் போட்டு வேகமாக முடித்துக் கொடுப்பார். ஆறு மாதம் கழித்துச் சான்றிதழ் அழைப்பு அவருடைய பெட்டிக்குத்தான் போகும். கடவுச்சொல்லையும் உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள். புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி. புகைப்படம் சமீபத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும், பெயரும் எடுத்த தேதியும் அதில் அச்சாகியிருக்கட்டும். ஸ்டூடியோவில் சொன்னாலே செய்து தருவார்கள்.

5. விண்ணப்பமும் கட்டணமும்

அறிவிக்கை வந்த நாளிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம் கொடுப்பார்கள். 2025-இல் ஏப்ரல் 25 முதல் மே 24 வரை கொடுத்தார்கள். கடைசி இரண்டு நாள் இணையதளம் மூச்சு வாங்கும், முதல் பத்து நாளில் முடித்துவிடுங்கள்.

தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற விதவைகள் கட்ட வேண்டியதில்லை. பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு மூன்று முறை இலவசம். இந்த மூன்று முறைதான் ஆளைச் சிக்க வைக்கும். எழுதப் போகாத தேர்வுக்கு விண்ணப்பித்தபோது சலுகை கேட்டிருந்தாலும் அது ஒரு முறை. குரூப் 1, குரூப் 2 எதுவானாலும் கணக்கில் சேரும். மூன்று முடிந்த பிறகு நான்காவதாகச் சலுகை கேட்டால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். எத்தனை முறை பயன்படுத்தினோம் என்பதில் சிறு சந்தேகம் இருந்தாலும் நூறு ரூபாயைக் கட்டிவிடுங்கள். பணம் போனதும் ரசீதையும் விண்ணப்ப நகலையும் பதிவிறக்கி வையுங்கள்.

விண்ணப்பக் கெடு முடிந்த பிறகு திருத்தம் செய்ய மூன்று நாள் சன்னல் திறப்பார்கள். அந்த மூன்று நாளில் விண்ணப்பத்தை அச்செடுத்து வீட்டில் ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, சான்றிதழ்களோடு ஒப்பிடுங்கள். தமிழ் வழியா என்ற கேள்விக்கு "இல்லை" என்று தவறிக் குறித்தவர்கள் இதில்தான் பிழைத்தார்கள்.

குற்ற வழக்கு ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். ஊர்த் தகராறில் எப்போதோ பேர் சேர்ந்திருந்தாலும் உள்ளபடி சொல்லி, ஆவணத்தைக் கொடுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் தேர்வானதே ரத்தாகும்.

6. படிப்புக்கான செலவு

சுருக்கமாகச் சொல்கிறேன். ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள பாடத்திட்டத்தைப் புதிதாகப் பதிவிறக்குங்கள், பழைய நகல் வேண்டாம். பள்ளிப் பாடநூல்கள் இலவசமாகவே இணையத்தில் கிடைக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, கட்டணம் இல்லாமல் வகுப்பும் மாதிரித் தேர்வும் நடத்துகிறார்கள். நான் முதல் முறை ஒரு பயிற்சி மையத்துக்குக் கடன் வாங்கிக் கட்டினேன். இரண்டாம் முறை பயிலும் வட்டமும் ஊர் நூலகமும்தான். மதிப்பெண் இரண்டாம் முறைதான் கூடியது. பயிற்சி மையமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கடன் வாங்கிச் சேராதீர்கள் என்று மட்டும் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓடிஆர், தேர்வுக் கட்டணம், சான்றிதழ்கள், நகல், ஸ்கேன் எல்லாம் சேர்த்தாலும் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். கடைசியில் சென்னைக்குப் போய் வரும் செலவுதான் பெரிது. அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

7. தேர்வு நாள்

மூன்று மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். முதல் பகுதி தமிழ், 100 கேள்வி, 150 மதிப்பெண். அதில் 60 எடுக்கவில்லை என்றால் இரண்டாம் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதாவது 40 கேள்வியாவது சரியாக இருக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் பொது அறிவுக் கேள்வி 75, கணக்கும் அறிவுக்கூர்மையும் 25. மொத்தத்தில் குறைந்தது 90 மதிப்பெண்.

கருப்பு மை பந்துமுனைப் பேனா மட்டும். இரண்டு எடுத்துப் போங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ஆனால் எந்தக் கேள்வியையும் வெறுமனே விடக்கூடாது. விடை தெரியாவிட்டால் அதற்கென்று இருக்கும் ஐந்தாவது வட்டத்தை நிரப்ப வேண்டும், விட்டால் மதிப்பெண் கழிப்பார்கள். வினாத்தொகுப்பு எண்ணை ஓஎம்ஆர் தாளில் (வட்டங்களை நிரப்பும் விடைத்தாள்) நிரப்பும்போது அவசரப்படாதீர்கள். ஹால் டிக்கெட்டில் உள்ள நேரத்துக்குப் பிறகு ஒரு நிமிடம் தாமதமானாலும் உள்ளே விடமாட்டார்கள். மையத்தை முதல் நாளே போய்ப் பார்த்துவிடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கிராமத்துப் பஸ்ஸை நம்பாதீர்கள்.

8. காத்திருப்பு

இதற்கு யாரும் நம்மைத் தயார் செய்வதில்லை. 2022 ஜூலை 24 அன்று எழுதியவர்களுக்கு 2023 மார்ச் 24 அன்றுதான் முடிவு வந்தது, முழுதாக எட்டு மாதம். 2024 ஜூன் 9 அன்று எழுதியவர்களுக்கு அக்டோபர் 28 அன்று வந்தது. அதற்குப் பிறகுதான் பதிவேற்றம், சரிபார்ப்பு, கலந்தாய்வு. அறிவிக்கை வந்த நாளிலிருந்து வேலையில் சேர ஒரு வருடமாவது ஆகும் என்றே கணக்குப் போடுங்கள். இருக்கும் வேலையை விட்டுவிட்டு உட்காராதீர்கள். காலிப் பணியிடங்கள் இடையில் கூடலாம், 2024-இல் 6,244 என்று அறிவித்து ஒன்பதாயிரத்துக்கு மேல் போனது. அதனால் கட் ஆஃப் பற்றி வரும் வதந்திகளை வைத்து நம்பிக்கை இழக்கவும் வேண்டாம், கடன் வாங்கவும் வேண்டாம். தற்காலிக விடைக்குறிப்பு வந்ததும் உங்கள் விடைகளோடு சரிபாருங்கள். அது தவறு என்று ஆதாரத்தோடு தெரிந்தால் ஏழு நாளுக்குள் இணையவழியாக மறுப்புத் தெரிவிக்கலாம்.

9. பதிவேற்றமும் கலந்தாய்வும்

பதிவேற்றத்துக்குக் குறுகிய கெடுதான் கொடுப்பார்கள். மூலச் சான்றிதழை நேராக ஸ்கேன் செய்யுங்கள், நகலின் நகலை வேண்டாம். இரு பக்கமும் எழுத்து இருந்தால் இரு பக்கமும். போனில் எடுத்த படத்தில் முத்திரை மங்கினால் திருப்பி அனுப்புவார்கள். ஏதாவது குறை என்று செய்தி வந்தால் அதற்குக் கொடுத்த நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். அந்த வாரங்களில் காலையும் மாலையும் இணையதளத்தைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள், குறுஞ்செய்தியை மட்டும் நம்பியிருக்காதீர்கள். மூலச் சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள்.

கலந்தாய்வு சென்னையில், பிராட்வே அருகே உள்ள ஆணைய அலுவலகத்தில் நடக்கும். கோட்டை ரயில் நிலையம் பக்கம்தான். அழைப்பு வந்தாலே வேலை உறுதி என்று இனிப்பு வாங்கிவிடாதீர்கள், காலியிடத்தைவிட அதிகம் பேரை அழைப்பார்கள். தரவரிசைப்படி ஒவ்வொருவராகப் போக, மாவட்டமும் துறையும் கண்ணெதிரே குறைந்துகொண்டே வரும். உங்கள் முறை வரும்போது யோசிக்க அதிக நேரம் கிடைக்காது. வீட்டிலேயே பத்துப் பதினைந்து இடங்களை வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டு வாருங்கள். என் பட்டியலில் முதல் நான்கும் எனக்கு முன்னால் போனவர்கள் எடுத்துவிட்டார்கள். ஐந்தாவதாக எழுதியிருந்தது வருவாய்த்துறை. முறை வரும்போது அரங்கில் இல்லாவிட்டால் வாய்ப்பு போய்விடும், முதல் நாள் இரவே சென்னைக்கு வந்துவிடுங்கள்.

துறை ஒதுக்கீடு முடிந்ததும் நியமன ஆணை அந்தத் துறையிலிருந்து வரும். சேரும்போது மருத்துவத் தகுதிச் சான்று கேட்பார்கள், காவல்துறை விசாரணையும் உண்டு. பிறகு பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி, அப்புறம் தகுதிகாண் பருவத்தில் துறைத் தேர்வுகள். அவற்றையும் இதே ஆணையம்தான் மே, டிசம்பர் மாதங்களில் நடத்துகிறது, அதனால் சான்றிதழ்க் கோப்பையும் அந்தக் கடவுச்சொல் எழுதிய நோட்டையும் பரணில் போட்டுவிடாதீர்கள்.